விடுமுறை நாட்களில் வீட்டுக் கல்வி

(சமயநல்லூரில் உழவர்களும் ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோரும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மார்கழி பிறந்துவிட்டது. அரையாண்டுத் தேர்வும் முடியும் தறுவாயில் இருக்கிறது. டிசம்பர் இறுதி வாரத்தில் பள்ளிகள் மூடப்பட்டுப் புத்தாண்டை ஒட்டி மீண்டும் திறக்கப்படும். பின்னர் இரண்டு வாரம் செல்வதற்குள் பொங்கல் விடுமுறை வந்துவிடும். ஆக, மார்கழியின் பிற்பாதியிலிருந்து தைத் திங்களின் தொடக்கம் வரை நம் குழந்தைகள் ஆண்டின் பிற நாட்களைவிட மிகுதியாக வீட்டிலே இருக்கப் போகிறார்கள். அந்த நாட்களில் வீடு அவர்களுக்கு என்ன தரப் போகிறது என்பதைப் பற்றியே இன்று சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விழைகிறோம்.

வளர்ச்சி அலுவலர் என்றால் சாலை, குடிநீர், கட்டடம் ஆகியவற்றைப் பற்றித்தானே பேச வேண்டும், கோலத்தையும் பொங்கலையும் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டபோதே, கிராம வளர்ச்சியின் அடிப்படை குடும்பம் என்று கொள்ளப்பட்டது. சாலையை அரசு போட்டுவிடலாம். ஆனால் விதையின் தரத்தை அறியும் கண்ணும், நீரின் அருமையை உணரும் மனமும், பொது இடத்தைத் தன் இடம்போல் பேணும் பழக்கமும் வீட்டில்தான் விளையும். அவற்றைத் திட்டத்தில் சேர்த்து ஒப்பந்தத்தில் விட முடியாது.

சமயநல்லூரின் இன்றைய நிலையை நீங்கள் நன்கு அறிவீர்கள். ஒருபுறம் வைகைக் கரையின் வயல்கள். மறுபுறம் மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும். விடிந்ததும் வீட்டில் ஒருவரோ இருவரோ நகரத்திற்கு வேலைக்குச் சென்றுவிடுகின்றனர். வயல்கள் சில மனைகளாகிவிட்டன. தந்தையுடன் வயலுக்குச் சென்று, பார்த்துப் பார்த்தே உழவைக் கற்ற காலம் ஒன்று இருந்தது. இன்று பள்ளி நாட்களில் அதற்கு இடமில்லை. குழந்தைகள் கல்வி கற்பது நல்லதே. அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்வார் எவரும் இலர். ஆனால் பாட்டன் பாட்டியிடம் இருக்கும் அறிவு அவர்களோடு மறைந்துவிடாமல் பேரன் பேத்தியிடம் வந்து சேர வேண்டுமானால், அதற்கு எஞ்சியிருப்பவை இந்த விடுமுறை நாட்களே. அந்த நாட்களையும் கைப்பேசித் திரைக்கு முன்னே கழிய விட்டுவிட்டால், இழந்ததைப் பின்னர் எந்தப் பயிற்சி முகாமிலும் பெற இயலாது.

பிற நாட்டு அனுபவம்

இது நமக்கு மட்டும் உரிய கவலையன்று. பின்லாந்து, சுவீடன் முதலிய வடநாடுகளில் குளிர்காலம் நீண்டது. வயலில் வேலை இராது. அந்நாட்களில் உழவர் குடும்பத்தினர் அடுப்பைச் சுற்றி அமர்ந்து மரக்கரண்டியும் கூடையும் கருவிப் பிடியும் செய்வார்கள். குழந்தைகளும் உடன் அமர்ந்து கற்றுக்கொள்வர். பின்லாந்தின் கல்வியறிஞர் ஊனோ சிக்னேயுஸ் இந்த வீட்டுக் கைத்தொழிலின் கல்விப் பயனை உணர்ந்தார். 1866ஆம் ஆண்டு அந்நாட்டில் மக்கள் பள்ளிகள் அமைக்கப்பட்டபோது, கைவேலை ஒரு பாடமாகவே சேர்க்கப்பட்டது. நம் நாட்டில் 1937ஆம் ஆண்டு வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தபோதும், கைவேலையின் வழியே அறிவு வளர வேண்டும் என்பதே அதன் உயிர்நாடியாக இருந்தது. நம் மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் தம் இறுதிக் காலத்தைக் கழித்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா கிராமத் தொழில்களைப் பற்றி வலியுறுத்தி வந்ததும் இதனோடு இணைந்ததே.

நம் சமவெளியில் குளிர் என்பது விடியற்காலைப் பனிதான். வடநாடுகளைப் போல் நாம் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்க வேண்டியதில்லை. வாசல், தொழுவம், வயல், கண்மாய்க்கரை ஆகிய அனைத்தும் நமக்கு வகுப்பறைகள். நம் முன்னோர் இக்காலத்து வழக்கங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பாடத்தை வைத்திருக்கின்றனர். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாசலில் தொடங்கும் பாடம்

மார்கழி விடியலில் வாசல் தெளித்துக் கோலமிட்டு, சாணப் பிள்ளையாரின் மேல் பூசணிப்பூவைச் செருகி வைப்பது நம் வழக்கம். அந்தச் சாணத்தை எறிந்துவிடாமல் தட்டி உலர்த்திச் சேர்த்து வைப்பார்கள். தென்மாவட்டத்து ஊர்கள் பலவற்றில், பொங்கலுக்குப் பின் சிறுமியர் மண்ணால் சிறுவீடு கட்டி, அதில் சிறுவீட்டுப் பொங்கல் வைத்து, உலர்ந்த பூத்தட்டுகளை ஆற்றிலோ குளத்திலோ விடுவதும் உண்டு. வீடு கட்டுவது, அடுப்பு மூட்டுவது, அளவறிந்து அரிசியிடுவது, வந்தவர்க்குப் பகிர்ந்தளிப்பது ஆகிய குடும்பப் பொறுப்புகள் அனைத்தும் அந்தச் சிறிய விளையாட்டில் அடங்கியிருக்கின்றன.

கோலத்தில் கணக்கும் இருக்கிறது. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று என வரிசையாகப் புள்ளி வைத்தால் மொத்தம் எத்தனை என்று குழந்தையைக் கேளுங்கள். எண்ணிப் பார்த்து 25 என்று சொல்லும். முதல் நான்கு வரிசைகளை மட்டும் கூட்டினால் 16. அது நான்கு நான்குகள். எஞ்சிய மூன்று வரிசைகளைக் கூட்டினால் 9. அது மூன்று மூன்றுகள். ஒற்றைப்படை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டினால் இவ்வாறே வரும் என்பதை வாசற்படியிலேயே கற்றுக்கொள்ளலாம். சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970களில் கோலத்தின் அமைப்பைக் கணிதமுறையில் ஆராய்ந்து, கணிப்பொறி இயலுக்குப் பயன்படும் கட்டுரைகளை எழுதினர். நம் பாட்டிமார் விரல்நுனியில் வைத்திருந்தது அத்தகைய அறிவு என்பதை நாம் மறக்கலாகாது.

இங்கு ஒன்றைக் கூறிவைக்க வேண்டும். விடியற்காலைப் பனியில் எழுந்து வாசல் தெளிப்பது பெண்குழந்தைக்கு மட்டும் உரிய கடமை என்றும், ஆண்குழந்தை போர்வைக்குள் உறங்கலாம் என்றும் எந்த நெறியும் சொல்லவில்லை. தங்கை கோலமிட்டால் அண்ணன் தண்ணீர் கொண்டு வரட்டும். ஒருநாள் அவனும் புள்ளி வைத்துப் பார்க்கட்டும். கல்வி இருவருக்கும் பொது என்றால் வேலையும் இருவருக்கும் பொதுவே.

துப்புரவும் போகியும்

பொங்கலுக்கு முன் வீட்டை ஒழித்து, ஒட்டடை அடித்து, சுவருக்கு வெள்ளையடிப்பது தொன்றுதொட்ட வழக்கம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த உடனே இவ்வழக்கம் வருவதைக் கருதிப் பாருங்கள். மழைக்குப் பின் உடைந்த பானையிலும் பழைய டயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் நீர் தேங்கி நிற்கும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு சாக்கடையைத் தேடிச் செல்வதில்லை. இத்தகைய தெளிந்த நீரிலேதான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். ஆகவே போகிக்கு ஒருநாள் மட்டும் துப்புரவு செய்தால் போதாது. விடுமுறை தொடங்கிய நாள் முதல் வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், தண்ணீர்த் தொட்டியையும் பீப்பாயையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவும் பொறுப்பை வீட்டுப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். எந்தெந்த மூலையில் நீர் தேங்குகிறது என்பதைப் பெரியவர்களைவிட அவர்களே விரைவில் கண்டுபிடிப்பார்கள்.

போகியன்று பழையன கழிப்பதில் நாம் கவனமாக இருத்தல் வேண்டும். முன்னாளில் எரிக்கப்பட்டவை பழம்பாயும் கிழிந்த முறமும். இன்று டயரையும் நெகிழியையும் எரித்தால் எழும் நச்சுப்புகை பனியோடு கலந்து தாழவே நிற்கும். அதை முதலில் சுவாசிப்பவர்கள் நம் வீட்டுக் குழந்தைகளும் முதியோருமே. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் முதல் தடை நடைமுறையில் உள்ளது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. வீட்டிலுள்ள பழந்துணியைக் கொண்டு பைகள் தைப்பது விடுமுறைக்கு ஏற்ற கைவேலை. பரவைக் காய்கறிச் சந்தைக்குச் செல்லும் தந்தையின் கையில் மகனோ மகளோ தைத்த பை இருக்குமானால், அது அக்குடும்பத்துக்குப் பெருமையே.

காப்புக் கட்டும் வழக்கத்தையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி வீட்டு இறவாணத்திலும் தொழுவத்திலும் வயலிலும் செருகுகிறோம். இக்கொத்தைக் கடையில் வாங்கிவந்து கட்டினால் அதில் பாடம் இல்லை. தாத்தாவுடன் குழந்தைகள் வரப்போரமும் கண்மாய்க்கரையும் நடந்து சென்று, இது ஆவாரை, இது சிறுபீளை என்று தாமே இனங்கண்டு பறித்து வர வேண்டும். இவ்வாறு ஒரு நாள் நடந்தால் பத்து மூலிகைகளாவது அவர்கள் நினைவில் நிற்கும்.

விதையும் வயலும்

இனி உழவர்களுக்கு நெருக்கமான பகுதிக்கு வருவோம். தைப்பட்டத்திற்கென்று விதை எடுத்து வைத்திருப்பீர்கள். அந்த விதையின் முளைப்புத்திறனைச் சோதிக்கும் வேலையை விடுமுறையில் பிள்ளைகளிடம் விடுங்கள். கைக்கு வந்தபடி, பொறுக்கி எடுக்காமல், நூறு விதைகளை எண்ணி எடுக்கச் சொல்லுங்கள். அவற்றை ஓரிரவு ஊறவைத்து, நனைத்த சாக்கிலோ துணியிலோ வரிசையாகப் பரப்பி, சுருட்டி நிழலில் வைத்து, ஈரம் காயாமல் நீர் தெளித்து வர வேண்டும். ஒரு வாரத்தில் பிரித்து எண்ணினால் எத்தனை முளைத்தன என்பது விளங்கும். சான்று பெற்ற நெல் விதைக்கு நூற்றுக்கு 80ம், உளுந்துக்கு 75ம் குறைந்த அளவாக வைக்கப்பட்டுள்ளன. அதற்கு மிகக் குறைந்தால் விதையை மாற்றிக்கொள்வது நலம். அண்மையில் அறுத்த நெல்லாயின் விதை உறக்கம் காரணமாக முளைப்புக் குறையக்கூடும். அதைக் கண்டு உடனே கழித்துவிட வேண்டாம்.

நெல் விதையில் பதரும் நோஞ்சானும் நீக்குவதற்கு உப்புக் கரைசல் முறை உண்டு. வாளி நீரில் ஒரு நல்ல முட்டையை இட்டால் அது அடியில் கிடக்கும். உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே வந்தால் முட்டை மேலெழும்பி, அதன் முனை பழைய நாலணாக் காசு அளவுக்கு நீர்மட்டத்தின் மேலே தெரியும். அப்போது விதையைக் கொட்டிக் கிளறினால் பொக்கு விதை மிதக்கும். திரண்ட விதை அமிழும். மிதப்பதை அரித்தெடுத்துவிட்டு, அமிழ்ந்ததை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிக்கொள்ள வேண்டும். பள்ளியில் அடர்த்தியைப் பற்றிப் படித்த மாணவன் அதை வீட்டு வாளியில் கண்ணாரக் காண்பான். தந்தையும் அவனிடமிருந்து காரணத்தைக் கேட்டறிவார். இவ்வாறு அறிவு இரு திசையிலும் பாய்வதே நாம் விரும்பும் வீட்டுக் கல்வி.

நிலமில்லாத வீட்டினரும் மனம் தளர வேண்டியதில்லை. கொல்லையில் நான்கு முழ இடமிருந்தாலும் தைப்பட்டத்தில் கீரை, வெண்டை, கத்தரி போட்டுவிடலாம். பாத்திரம் கழுவிய நீரே அதற்குப் பெரும்பாலும் போதும். பனங்கிழங்கு தோண்டும் பருவமும் இதுவே. கிழங்கு தோண்டும் வீட்டார், சில முளைகளைத் தோண்டாமல் கரையோரத்தில் விட்டுவைக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். பனை நம் மாநில மரம். அது வளர்ந்து பயன் தருவதற்கு நீண்ட காலம் பிடிக்கும். ஆகவே அதைச் சிறுவயதிலே நட வேண்டும் என்பதும் ஒரு பாடமே.

நீரின் வரலாறும் நீரின் ஆபத்தும்

புத்தரிசி பொங்கும்போது கதிரவனுக்கு நன்றி சொல்கிறோம். அந்த அரிசியை விளைவித்த நீர் எங்கிருந்து வந்தது என்பதையும் குழந்தைகளுக்குச் சொல்வது நம் கடமை. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீரை மலையைக் குடைந்து வைகைப் படுகைக்குத் திருப்பிய பணி 1895ஆம் ஆண்டு நிறைவேறியது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை ஏறத்தாழ 45,000 ஏக்கர் நிலம் இருபோகம் கண்டது இதன் பயன். 1959ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் வைகை அணையும் பயன்பாட்டிற்கு வந்தது. பெரியாற்று அணையைக் கட்டி முடித்த பொறியாளர் பென்னிகுயிக் பிறந்தது 1841ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள். தேனி மாவட்டத்துப் பாலார்பட்டி முதலிய ஊர்களில் அந்நாளில் அவர் நினைவாகப் பொங்கல் வைக்கிறார்கள். கடல் கடந்து வந்தவராயினும் தண்ணீர் தந்தவரை மறவாத அந்த உள்ளம் நம் குழந்தைகளுக்கும் வாய்க்க வேண்டும்.

நீரைப் பற்றிப் பேசும்போது துயரமான ஒன்றையும் கூறாதிருக்க இயலாது. மழைக்குப் பின் கண்மாய்களும் கிணறுகளும் நிறைந்திருக்கின்றன. வைகையில் மணல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்து கிடக்கின்றன. விடுமுறை நாட்களில்தான் பிள்ளைகள் கூட்டமாகக் குளிக்கச் செல்கிறார்கள். ஆழம் அறியாது இறங்கிய குழந்தை மீளாமற் போன செய்தியைக் கேளாத ஆண்டு உண்டோ? ஒரு வீட்டின் பொங்கல் என்றென்றைக்கும் அணைந்துபோவதைவிடக் கொடியது வேறில்லை. ஆகவே இரண்டு செயல்களை வேண்டுகிறோம். ஒன்று, நீந்தத் தெரிந்த பெரியவர் உடனில்லாமல் எந்தப் பிள்ளையும் நீரில் இறங்கக் கூடாது என்பதை ஊர்க் கட்டுப்பாடாகவே வைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, நீந்தத் தெரிந்தோர் இந்த விடுமுறையில் ஆண், பெண் பிள்ளைகள் இருபாலாருக்கும் ஆழமில்லாத இடத்தில் நீச்சல் கற்றுக்கொடுங்கள். நீரில் தத்தளிப்பவரைக் காப்பாற்றத் தாமும் குதித்துவிடாமல், கயிறோ கொம்போ சேலையோ நீட்டி இழுக்க வேண்டும் என்பதையும் கற்பியுங்கள்.

மாட்டுப் பொங்கல்

மாட்டுப் பொங்கலன்று கொம்பு சீவி வண்ணம் தீட்டி, புதுக்கயிறு மாற்றி, மணி கட்டுகிறோம். அன்றைக்கு மாட்டைக் குளிப்பாட்டும்போதே, உண்ணி இருக்கிறதா, குளம்பில் புண் உண்டா, மடியில் வீக்கம் உண்டா என்று பார்த்து அறியவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கோமாரி நோய்க்குத் தடுப்பூசி போட்ட நாளையும் குடற்புழு நீக்க மருந்து தந்த நாளையும் அவர்களே எழுதி வைக்கட்டும்.

நம்மைச் சூழ்ந்த அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய ஊர்களில் தை முதல் மூன்று நாட்களில் அடுத்தடுத்து ஏறுதழுவுதல் நடைபெறுகிறது. 2014ஆம் ஆண்டு தடைப்பட்டு, 2017ஆம் ஆண்டு மக்களின் எழுச்சிக்குப் பின் மாநிலச் சட்டத்தின் துணையால் மீண்ட விளையாட்டு இது. 2023ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றமும் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. புலிக்குளம் போன்ற நாட்டினங்கள் இன்றும் தொழுவங்களில் நிற்பதற்கு இவ்விளையாட்டும் ஒரு காரணம். ஆனால் வாடிவாசலைக் கடந்துவரும் காளைக்குக் குழந்தை என்றோ பார்வையாளர் என்றோ வேறுபாடு தெரியாது. தடுப்புக்கு வெளியே, பாதுகாப்பான மேடையிலிருந்து மட்டுமே குழந்தைகள் காண வேண்டும்.

விளையாட்டும் பாட்டும்

வேலை மட்டும் தந்து விளையாட்டை மறுத்தால் விடுமுறை என்பது பெயரளவில்தான் இருக்கும். தாயமும் பல்லாங்குழியும் வீட்டு மூலையில் இன்னும் இருக்கின்றன. தரையில் கோடு கிழித்து மூன்று புலிகளையும் பதினைந்து ஆடுகளையும் வைத்தால் ஆடுபுலி ஆட்டத்திற்குச் செலவு ஏதுமில்லை. வலிமையுடைய மூன்றை எளிய பதினைந்து ஒற்றுமையால் அடைத்துவிடலாம் என்பதைவிட ஊராட்சிக்கு ஏற்ற பாடம் வேறு எது? வைகைக் கரையிலே கீழடியில் நடந்த அகழாய்வுகளில் பகடைக்காய்களும் ஆட்டக்காய்களும் வட்டச்சில்லுகளும் கிடைத்துள்ளன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் இந்த ஆற்றங்கரையில் குழந்தைகளும் பெரியோரும் ஆடி மகிழ்ந்திருக்கின்றனர். 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தை ஒருநாள் குடும்பத்துடன் சென்று காணலாம். மதுரையில் தமுக்கம் அருகே, 1959ஆம் ஆண்டு பண்டித நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கிறது. நகரத்திற்கு வேலைக்குச் செல்லும் தந்தை ஒருநாள் பிள்ளைகளுடன் அங்கே சென்று வருவாராக.

பாட்டும் அவ்வாறே. நமக்கு அண்மையிலுள்ள பரவை ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு நாட்டுப்புறப் பாடலை உலகறியச் செய்தவர் பரவை முனியம்மா. அவர் 2020ஆம் ஆண்டு மறைந்தார். நடவுப் பாட்டும் தாலாட்டும் அறிந்த பாட்டியர் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். கைப்பேசியைக் குழந்தையின் கையிலிருந்து பிடுங்குவதைவிட, அதே கைப்பேசியில் பாட்டியின் பாட்டைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கருவி ஒன்றுதான், பயன்படுத்தும் வகையே நன்மை தீமையைத் தீர்மானிக்கிறது.

மார்கழித் திங்களில் கோயில்களில் திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒலிக்கும். கிறித்தவ இல்லங்களில் வைக்கோலும் களிமண்ணும் கொண்டு குடில் அமைத்து, வாசலில் நட்சத்திர விளக்கு ஏற்றுவார்கள். குடில் கட்டும் வீட்டுக்கு அண்டை வீட்டுப் பிள்ளைகள் வைக்கோல் கொண்டு செல்வதும், பொங்கல் வைக்கும் வீட்டிலிருந்து எல்லாச் சமயத்தார் இல்லங்களுக்கும் கிண்ணம் செல்வதும் நம் ஊர்களின் அணிகலன்கள். அந்தக் கிண்ணம் ஊரும் சேரியும் என்ற எல்லையையும் கடந்து செல்ல வேண்டும். இதைப் பெரியவர்கள் செய்து காட்டினால் குழந்தைகளுக்குத் தனியே போதிக்கத் தேவையிராது.

உதவி எது, கூலி எது?

இதுவரை குழந்தைகளுக்கு வேலை தருவதைப் பற்றிப் பேசினோம். இதற்கு ஓர் எல்லை உண்டு. அதை எல்லோரும் அறிந்திருத்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டு திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தின்படி 14 வயது நிரம்பாத குழந்தையை எவ்வேலையிலும் அமர்த்தலாகாது. பள்ளி நேரம் போகவும் விடுமுறை நாட்களிலும், ஆபத்தில்லாத வேலைகளில் தம் குடும்பத்திற்கு உதவலாம் என்பது அதில் உள்ள ஒரு விலக்கு. பூச்சிமருந்து தெளிப்பது, இயந்திரத்தின் அருகே நிற்பது, செங்கற் சூளை, பட்டாசு ஆகியவற்றில் குழந்தைகளை ஈடுபடுத்தக் கூடாது.

விடுமுறைதானே என்று ஒரு வாரத்திற்குக் கூலிக்கு அனுப்பப்பட்ட பிள்ளை, கையில் காசைக் கண்டபின் பள்ளிக்குத் திரும்பத் தயங்குவதைக் காண்கிறோம். அறுவடை நாளில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட மகள், பள்ளி திறந்தபின்னும் நின்றுவிடுவதைக் காண்கிறோம். இவ்வாறு ஒரு குழந்தை பள்ளியை விட்டு நீங்குவது எவரும் ஆணையிட்டு நடப்பதன்று; ஒவ்வொரு நாளாக, யாரும் கவனியாமலே நடந்துவிடுகிறது. ஆகவே ஓர் எளிய அளவுகோலைக் கூறுகிறோம். ஒரு வேலையைச் செய்து முடித்தபின் குழந்தைக்குப் புதிதாக ஒன்று தெரிந்திருந்தால் அது கல்வி. அதே வேலையை நாள்தோறும் செய்து, களைப்பு மட்டும் மிஞ்சினால் அது சுமை. விதையை எண்ணுவது கல்வி. நாள் முழுதும் பாத்திரம் துலக்குவது சுமை. அச்சுமை வீட்டில் தவிர்க்க முடியாததாயின், தந்தையும் மகனும் உட்பட எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளட்டும்.

பள்ளி திறக்கும் நாளன்று உங்கள் தெருவில் எந்தப் பிள்ளையாவது செல்லவில்லையெனில், அன்றே அவ்வீட்டிற்குச் சென்று விசாரியுங்கள். குழந்தை துன்புறுத்தப்படுவதாக அறிந்தால் 1098 என்ற தொலைபேசி எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

ஊராட்சி செய்யத்தக்கவை

வீடுகளுக்குச் சொன்னோம், ஊர்ப் பணியில் உள்ளோருக்கும் சில கூறி முடிக்கிறோம். விடுமுறை நாட்களில் நூலகம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். விளையாட்டுத் திடலில் முள்ளும் குப்பையும் அகற்றுங்கள். மூடப்படாத கிணறுகளுக்கும் ஆழமான நீர்த்துறைகளுக்கும் முள்வேலியோ எச்சரிக்கைப் பலகையோ வையுங்கள். பொங்கல் விளையாட்டுப் போட்டிகளில் பானை உடைப்பதோடும் கயிறு இழுப்பதோடும் நின்றுவிடாமல், மூலிகை இனங்காணல், விதை இனங்காணல், ஆண்பிள்ளைகளும் கலந்துகொள்ளும் கோலப் போட்டி ஆகியவற்றையும் சேருங்கள். பரிசாக நெகிழித் தட்டைத் தராமல் மரக்கன்றோ நூலோ தாருங்கள்.

பொங்கல் முடிந்து இரண்டு வாரத்திற்குள் ஜனவரி 26ஆம் நாள் குடியரசு நாள் கிராம சபை கூடுகிறது. அதற்கு முன் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் சிலவற்றை எழுதட்டும். தன் தெருவில் எங்கே நீர் தேங்குகிறது, எந்த விளக்கு எரியவில்லை, எந்த வரத்துக்கால்வாய் தூர்ந்துள்ளது, தன் வீட்டு விதை நூற்றுக்கு எத்தனை முளைத்தது, பொங்கலுக்கு வீட்டில் எவ்வளவு செலவாயிற்று, அதில் கடன் எவ்வளவு என்பன போதும். கடைசிக் கேள்வியின் விடையைப் பெற்றோர் ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. மற்றவற்றைப் பெரியோர் கிராம சபைக்குக் கொண்டு வாருங்கள். பிள்ளைகள் கண்டெழுதிய குறைகளை நாம் சபையில் படிப்போம். எது முடிந்தது, எது முடியவில்லை என்பதை அடுத்த சபையில் அவர்கள் அறியச் சொல்வோம். தான் எழுதிய ஒரு வரியால் தன் தெரு விளக்கு எரிந்தது என்று காணும் குழந்தைக்கு, ஊராட்சி என்றால் என்னவென்று எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அன்பர்களே, நெல்லுக்குப் பட்டம் தவறினால் அடுத்த பட்டம் வரும். குழந்தைக்குப் பத்து வயதில் தவறிய மார்கழி மீண்டும் வருவதில்லை. வருகின்ற விடுமுறையில் உங்கள் வீட்டில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், ஒரு முழு வேலையையும் அதனுள் இருக்கும் அறிவையும் தாருங்கள். அதை அவர்கள் செய்து முடிக்கும் வரை பொறுமையோடு அருகில் இருங்கள். பொங்கும் பானையைச் சுற்றி நின்று குலவையிடும்போது, அந்தப் பானைக்கு விதை எடுத்தவர், நீர் கொணர்ந்தவர், அடுப்பு மூட்டியவர் என்று எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் சொல்லக்கூடிய நிலை இருக்குமாயின் அதுவே நிறைவான பொங்கல்.